எஸ்தரின் அசாம் மரம்

மலேசியாவுக்குப் போகிறேன் என்றதும் துறையில் ஆளுக்கொரு சாக்லேட் பெயரைச் சொன்னார்கள். ஜொகூர் மாநிலத்தில் பெக்கோக் என்ற சின்ன ஊருக்கு, ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரே ஒரு மரத்தின் இலையைப் பறிக்கப் போகிறேன் என்று விளக்கியதும் அமைதியாகிவிட்டார்கள். ஆய்வக உதவியாளர் மட்டும், "மதுரையில கெடைக்காத எலையா மேடம்?" என்று கேட்டார். கிடைக்காதுதான். அந்த இலைக்குள் இருக்கும் ஒன்று வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவள் எஸ்தர். அவள் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

எஸ்தரும் நானும் சென்னையில் ஒரே விடுதியில், ஒரே அறையில் ஐந்து வருடம் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தோம். அவள் ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்தவள். எங்களுக்குள் சண்டை இல்லாத வாரம் கிடையாது. யார் மூடியைத் திறந்து வைத்தது, யார் கை கழுவாமல் தொட்டது, எல்லாமே பூஞ்சைச் சண்டைதான். படிப்பு முடிந்து அவள் ஊருக்குத் திரும்பி ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் மதுரைக்கு வந்தேன். பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஃபோனில் சண்டை போட்டோம்.

எங்கள் இருவருக்கும் சோறு போட்டது உள்வாழ் பூஞ்சை. எந்த மரத்திலாவது நல்ல பச்சை இலை ஒன்றைப் பறித்துப் பாருங்கள். பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனால் உள்ளே, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள் குடியிருக்கும். அது நோய் இல்லை. இலை அதற்குத் தங்க இடமும் கொஞ்சம் சர்க்கரையும் கொடுக்கிறது. பூஞ்சை பதிலுக்கு, இலையைக் கடிக்க வரும் பூச்சிக்கும் அழுகவைக்க வரும் வேறு பூஞ்சைக்கும் ஆகாத சரக்கு எதையாவது தயாரித்துத் தருகிறது. இலையின் வெளிப்பக்கத்தை நன்றாகச் சுத்தம் செய்து, சின்னத் துண்டுகளாக வெட்டி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகர் கூழ் தட்டில் வைத்தால், நாலைந்து நாளில் வெட்டிய ஓரத்திலிருந்து அது வெளியே வரும்.

எஸ்தருக்கு அப்படி ஒன்று தன் வீட்டு அசாம் மரத்திலிருந்தே வந்தது. அசாம் என்றால் அங்கே புளி. நம் புளியமரம் இல்லை இது. கேரளத்துக் குடம்புளிக்குச் சொந்தக்கார மரம். பழத்தை வில்லை வில்லையாக அரிந்து காயவைத்து மீன்குழம்பில் போடுகிறார்கள். அதன் இலையிலிருந்து வந்த பூஞ்சை நடுவில் சாம்பலாகவும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். ஜொகூரில் பாமாயில் தரும் செம்பனை மரங்களின் அடித்தண்டை அழுகவைத்துச் சாய்க்கும் காளான் ஒன்று உண்டு. வந்துவிட்டால் மரத்தைக் காப்பாற்ற வழி இல்லை. எஸ்தரின் பூஞ்சையையும் அந்தக் காளானையும் ஒரே தட்டில் வளர்த்தால், காளான் பாதி வழியில் நின்றுவிடும். அவள் சுற்றுவட்டாரக் கம்பங்களில், அதாவது கிராமங்களில், இருந்த அசாம் மரங்களையெல்லாம் தேடிப் பார்த்தாள். வேறு எதிலும் அது இல்லை.

கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் கணையத்தில் புற்று என்றார்கள். தெரிந்த பிறகு நாலு மாதம் இருந்தாள். அவள் போன பின் கல்லூரியில் அவளுடைய குளிர்பெட்டியை விதிமுறைப்படி காலி செய்துவிட்டார்கள். அவள் முன்பே முறையாக எனக்கு அனுப்பிவைத்த பூஞ்சைப் பிரதி ஒன்று மதுரையில் இருந்தது. அதுவும் கைவிட்டது. மரத்தைப் பிரிந்து தட்டிலேயே பல தலைமுறை வளர்ந்தால் இந்தப் பூஞ்சைகளில் சில தங்கள் வேலையை மறந்துவிடும். பஞ்சு பஞ்சாக நன்றாகத்தான் வளரும், அந்தச் சரக்கை மட்டும் செய்யாது. என் தட்டில் செம்பனைக் காளான் அதன்மேல் ஏறி நடந்துபோனது.

ஆக, மிச்சம் இருந்தது மரம் மட்டும். அதிலிருந்து மறுபடியும் பிரித்தெடுத்தால் எஸ்தரின் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு முடிந்தது. அவள் அடக்கத்துக்கு நான் போகவில்லை. விடைத்தாள் திருத்தும் பணி என்று சொன்னேன். பணி இருந்தது உண்மைதான். விடுப்புக் கேட்டுப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. இந்தப் பயணத்திலாவது உருப்படியாக எதையாவது செய்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஜொகூர் பாருவில் ரயில் ஏறினேன். எதிரில் இரண்டு மலாய்ப் பெண்கள் வாழைப்பழப் பொரியலை ஒரே காகிதப் பையிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டு விடாமல் பேசினார்கள். என் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண், கேட்காமலேயே மொழிபெயர்த்தாள். "அவங்க மக சிங்கப்பூர்ல வேலையாம். விடியறதுக்கு முன்னாடி பாலம் தாண்டிடுதாம். மகளப் பாக்கறதே இல்ல, வாசல்ல செருப்பு கெடந்தா வந்திருச்சி, இல்லன்னா போயிருச்சின்னு தெரிஞ்சிக்கறாங்களாம்." நடுவில் ரயில் முக்கால் மணி நேரம் செம்பனைக் காட்டுக்குள் நின்றது. நம் ஊராக இருந்தால் பாதிப் பேர் தண்டவாளத்தில் இறங்கி ரயில்வே இலாகாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருவரும் ஃபோனிலிருந்து தலை தூக்கவில்லை. எனக்குத்தான் திட்ட ஆள் இல்லாமல் நாக்கு அரித்தது.

பையில் இருந்த கண்ணாடிச் சாமான்கள் உடைந்துவிட்டனவா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ரயில் ஒரு ஊரில் நின்று கிளம்பியது. அதுதான் பெக்கோக். நான் அடுத்த ஊரான லாபிஸில் இறங்கி, அசட்டுத்தனத்தோடு எஸ்தரின் கணவர் லாரன்ஸுக்கு ஃபோன் செய்தேன். அரை மணியில் ஒரு பழைய கார் வந்து நின்றது. ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.

"பரவால்ல சிஸ்டர். எல்லாரும் ஒரு தடவ லாபிஸ் பாத்துதான் ஆவணும் லா," என்றார்.

அவர்கள் சபையில் பெண்களை எல்லாம் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்கள் குலதெய்வத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். நம் பரோட்டாவுக்குத் தம்பி. ஆனால் பருப்புக் குழம்பைத் தொட்டுக்கொண்டு காலையில் தின்பார்களாம். மதுரையில் பரோட்டாவைக் காலையில் கேட்டால் நேற்று மிஞ்சியதைத்தான் கொடுப்பார்கள்.

"நீங்க ரொம்பக் கோவக்காரவங்கன்னு எஸ்தர் சொல்லும்," என்றார் லாரன்ஸ்.

"அவ கொறச்சலா?"

"எங்கிட்ட கோவிச்சதே இல்ல சிஸ்டர்."

அவர் இருபத்தெட்டு வருடம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கும்பலுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. களைக்கொல்லி, பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து என்று முதுகில் பம்பைச் சுமந்து அடித்து, பிறகு அடிப்பவர்களை மேய்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற ஆறாவது வாரம் எஸ்தருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது.

மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்து மரத்தைக் காட்டினார். எஸ்தர் அனுப்பிய படங்களில் அந்த மரம் கிளையெல்லாம் பாசி பிடித்து, அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு கிடக்க, காட்டு மரம் மாதிரி நிற்கும். இப்போது அடியில் ஒரு சருகு இல்லை. விளக்குமாற்றின் கோடுகள் மண்ணில் வரிசையாகத் தெரிந்தன. தண்டில் ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு. இலைகள் துடைத்து வைத்த மாதிரி பளபளத்தன.

"எப்பிடி இருக்கு சிஸ்டர்?"

"நல்லா இருக்குண்ணே. என்ன செஞ்சீங்க?"

அவர் ஆர்வமாகச் சொல்ல ஆரம்பித்தார். சருகை வாரி எரித்தது, பாசியைச் சுரண்டியது, பதினைந்து நாளைக்கு ஒரு முறை மருந்து அடிப்பது. கொட்டகையிலிருந்து டப்பாக்களைக் கொண்டுவந்து காட்டினார். பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று. பூஞ்சைக்கு வைத்திருந்தது சாதாரண மருந்து இல்லை. இலைக்குள் ஊடுருவி மரம் முழுக்கப் போகும் ரகம். டப்பாவின் சீட்டை இரண்டு முறை படித்தேன்.

"எத்தன நாளா?"

"அடக்கம் முடிஞ்ச வாரத்துலேருந்து. நீங்ககூட சொன்னீங்களே," என்று ஃபோனை எடுத்துத் தேடி, ஒரு குரல் செய்தியைப் போட்டார்.

என் குரல்தான். பின்னணியில் மதுரை டவுன் பஸ் உறுமியது. 'அண்ணே, மரத்த நல்லாப் பாத்துக்கோங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு பூச்சி பொட்டு அண்டாமப் பாத்துக்கோங்க.' பஸ்ஸிலிருந்து இறங்கும் அவசரத்தில், துக்கத்தில் இருக்கிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். மாணவர்களுக்கு முப்பது பக்கத்துக்கு விதிமுறை எழுதிக் கொடுப்பவள் நான். மருந்தடிக்க வேண்டாம் என்று ஒரு வரி சொல்லத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க மருந்தடித்த மனிதரிடம் மரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவர் வேறென்ன செய்வார்?

மருந்து எல்லா இலைக்கும் ஒரே மாதிரி போய்ச் சேராது, உச்சிக்கிளையில் பிழைத்திருக்கலாம், தடித்த பழைய இலையில் பிழைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாரன்ஸ் ஏணி போட்டு ஏறி, நான் காட்டிய இலைகளையெல்லாம் காம்போடு கிள்ளித் தந்தார்.

எஸ்தர் வீட்டுச் சமையலறையிலேயே ஒரு சின்ன ஆய்வகம் வைத்திருந்தாள். பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கை நுழைய இரண்டு ஓட்டை போட்ட பெட்டி. ஒரு ஸ்பிரிட் விளக்கு. கூழ் வேகவைக்க ஒரு குக்கர், அதில் வேறெதுவும் சமைக்கக் கூடாது என்று மூடியில் சிவப்புப் பெயின்டில் குறுக்குக் கோடு. அனுமதிக் காகிதங்களில் நான் கேட்டிருந்ததும் அங்கேயே வேலை செய்யத்தான். இலையை ஸ்பிரிட்டில் ஒரு நிமிடம், துணி வெளுக்கும் திரவத்தில் மூன்று நிமிடம், பிறகு காய்ச்சிய தண்ணீரில் மூன்று முறை. லாரன்ஸ் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு "இப்ப, சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது தட்டு வைத்தேன். என் கூழும் என் கையும் சரிதானா என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரத்தின் இலையில் நாலு தட்டு.

"உள்ள என்ன சிஸ்டர் இருக்கு? அவ எல வச்சி ஏதோ செய்வா, நான் கேட்டதில்ல. அவளும் சொன்னதில்ல," என்றார்.

மரத்துக்குள் ஒரு நல்ல பூஞ்சை குடியிருக்கிறது, அதைத்தான் எஸ்தர் கண்டுபிடித்தாள், அதை மறுபடி வெளியே எடுக்க வந்திருக்கிறேன் என்று மேலோட்டமாகச் சொன்னேன். பூஞ்சை என்றதும் அவர் முகம் சுருங்கியது. ஆயுள் முழுக்க அதைக் கொன்றவர். பிறகு, "நல்லதுன்னு எஸ்தர் சொல்லிச்சின்னா நல்லதாத்தான் இருக்கும்," என்றார். தன் மருந்தையும் இதையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. மருந்து கெட்டதைக் கொல்லும், நல்லதை விட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. நானும் திருத்தவில்லை.

அடுத்த மூன்று நாள் காத்திருப்புதான். மதியம் அவரே சமைத்தார். ஒரு நாள் மீன்குழம்பு. எஸ்தர் அரிந்து காயவைத்த அசாம் வில்லைகளில் இரண்டை மட்டும் எண்ணிப் போட்டார். நம் புளிக்குழம்பைவிடத் தெளிவான புளிப்பு. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், என் ஊர்க்குழம்புதான் உசத்தி என்பதைச் சொல்லவில்லை. எஸ்தர் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், அவளும் விட்டிருக்க மாட்டாள்.

நாலாம் நாள் காலையில் ரம்புத்தான் தட்டுகளில் பூத்துவிட்டது. வெள்ளை, பச்சை, கறுப்பு என்று இலைத்துண்டின் ஓரமெல்லாம் நுரைத்துக்கொண்டு வந்திருந்தது. அசாம் தட்டுகளில் ஒன்றும் இல்லை. லென்ஸை வைத்து நாற்பதையும் பார்த்தேன், மத்தியானம் மறுபடியும் பார்த்தேன். நான் மூன்றாம் முறை லென்ஸை எடுத்ததைக் கண்டு லாரன்ஸ், "தங்காக் போலாம் சிஸ்டர். சேலை எடுக்கணும்," என்றார்.

"எனக்கெதுக்குண்ணே சேலை?"

"இந்தியாவுலேருந்து என் கூட்டாளி மங்கை வந்தா தங்காக் கூட்டிப் போயி ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்னு எஸ்தர் சொல்லிட்டே இருக்கும். வந்த ஆள வெறுங்கையா அனுப்பக் கூடாது."

தங்காக்கில் தெரு முழுக்கத் துணிக்கடை. வாசலிலேயே துணிச் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தூரத்தில் லேடாங் மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. கடையில் ஒரு சீனப் பெண்மணி என் தோளில் ஊதா நிறச் சேலையைப் போட்டு, தள்ளி நின்று பார்த்து, மலாயில் லாரன்ஸிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொண்டார்கள். வெளியே வந்த பிறகு என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"வைஃபுக்கான்னு கேட்டுச்சி. இல்ல, வைஃபோட கூட்டாளின்னேன். அடுத்த தடவ வைஃபையும் கூட்டி வாங்க, புதுச் சரக்கு வருதுன்னுச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

அதற்குப் பிறகு காரில் ஏறும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

திரும்பும் வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. லாரன்ஸ் மூடியைத் திறந்து, "அலமாக்," என்று மலாயில் அலுத்துக்கொண்டு மறுபடி மூடினார். சாலையோரக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாலில்லாத தேநீர் குடித்தோம். அந்தப் பக்கம் நம்மவர்கள் மாதிரி வண்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும் வழக்கம் இல்லை. கடைக்கார மலாய்ப் பெண் ஒரு வாளித் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதுதான் வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் கணக்கை முடித்தேன். முப்பத்தெட்டு தட்டு வெறுமை. இரண்டில் ஒரு கறுப்புப் பூஞ்சை. உலகத்தில் எந்த இலையிலும் வரக்கூடிய ஊர்சுற்றி. சாம்பல் நடுவும் இளஞ்சிவப்பு ஓரமும் எதிலும் இல்லை. வழக்கமாகச் சுத்தமான தட்டைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

லாரன்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். ரம்புத்தான் தட்டு ஒன்றையும் அசாம் தட்டு ஒன்றையும் இரண்டு கையிலும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தார்.

"பக்கத்து வீட்டு மரத்தப் பாருங்க, எவ்ளோ அசிங்கம். நம்ம மரத்துல ஒண்ணுமே இல்ல. நல்லாத்தான் பாத்திருக்கேன், இல்லையா சிஸ்டர்?"

அவர் சிரித்ததை அந்த எட்டு நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

"நல்லாப் பாத்திருக்கீங்கண்ணே," என்றேன்.

"அப்ப எஸ்தரோடது?"

"இது பருவம் இல்லண்ணே. மழைக்காலத்துல வந்தாத்தான் கெடைக்கும்."

பச்சைப் பொய். அந்தப் பூஞ்சைக்குப் பருவம் கிடையாது. ஒரு மாணவி இப்படிச் சொல்லியிருந்தால் ஆய்வகத்தை விட்டே வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறெதுவும் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சரி, எல்லாம் போய்விட்டது, இந்த மனிதருக்காவது நிம்மதி மிஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எனக்கு ரயில். பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது கொல்லையில் பம்பின் கைப்பிடி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். லாரன்ஸ் முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, மூக்குக்கு முகமூடி என்று பழைய வேலைக்கோலத்தில், முதுகில் மருந்துத் தொட்டியோடு மரத்தடியில் நின்றிருந்தார்.

"வெயிலுக்கு முன்னாடி அடிச்சிட்டு வந்து உங்கள ஏத்தி வுட்டுடறேன் சிஸ்டர். நீங்க மழைக்காலத்துல வருவீங்கள்ல? இனிமே வாரத்துக்கு ஒரு தடவ அடிக்கலாம்னு இருக்கேன்," என்று முகமூடிக்குள்ளிருந்து சொன்னார்.

என் பொய்யால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. மதுரையில் இருக்கும் ஊமைப் பூஞ்சையை அனுமதி வாங்கி மறுபடி இந்த மரத்துக்குள் குடியேற்றிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மரத்துக்குள் திரும்பிப் போனால் சிலவற்றுக்குப் பழைய வேலை நினைவுக்கு வரும். எஸ்தருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வழிதான். இவர் வாரம் தவறாமல் அடித்தால் அதுவும் கிடையாது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"அண்ணே, அடிக்காதீங்க. கீழ எறக்குங்க."

அவர் கைப்பிடியை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பருவம் என்று சொன்னது பொய் என்று சொன்னேன். அந்த மருந்துக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை தெரியாது என்று சொன்னேன். சருகில் கொஞ்சம் பிழைத்திருக்கும், அதை எரித்துவிட்டீர்கள் என்றும் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, என் வாயைத்தான் தைக்க வேண்டும், ஒரு பூச்சி பொட்டு அண்டக் கூடாது என்று சொன்னது நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

பிறகு தொட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு முகமூடியைக் கழற்றினார்.

"நான் எஸ்டேட்டுல இருந்தப்ப எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். இந்த மரத்துக்கும் ஒரு ரவுண்டு அடிச்சி வுட்றவான்னு. வேணாம், அங்க அடிக்கறது பத்தாதா, வீட்டுலயாவது சும்மா ஒக்காருங்கன்னுச்சி. நான் களைச்சிப் போயி வர்றேன்னு பாவம் பாத்து சொல்லுதுன்னு நெனச்சேன் சிஸ்டர்."

"அதுக்கும்தான் சொல்லியிருப்பா," என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கு மேலே ஒரு இடத்தில் சுரண்டிய தடம் இன்னும் பச்சையாக இருந்தது.

"இனிமே வராதா?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்குண்ணே. அது இப்ப வேலை செய்யறதில்ல. அனுமதி வாங்கிக் கொண்டுவந்து இந்த மரத்துல சேத்துப் பாக்கலாம். ஒரு வருஷம் ஆகும். மரம் அத ஏத்துக்கணும். ஏத்துக்காமலும் போகலாம்."

"அது வரைக்கும் நான் என்னா செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்."

"ஒண்ணும் செய்யக் கூடாதுண்ணே. மருந்து வேணாம், சுண்ணாம்பு வேணாம், கூட்ட வேணாம். எல விழுந்தா அப்பிடியே கெடக்கட்டும். மழை பேஞ்சி அதுவா அழுகட்டும். நீங்க கிட்டப் போகவே வேணாம்."

அவர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தொட்டியின்மேல் வைத்தார். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கூட்டி வைத்திருந்த கோடுகள் அவருக்கடியில் கலைந்தன.

"ஒம்பது மாசமா காலைல எழுந்தா நேரா இங்கதான் வருவேன். எழுந்திரிக்கறதே இதுக்குத்தான்," என்றார். "இனிமே நான் எங்க போறது சிஸ்டர்?"

பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.